ஒரு கூறும் ஒருபாடும்

ஒரு மொழியைப் பிறருக்குக் கற்பிக்கத் துணிந்த பிறகுதான், அதைத் தான் எவ்வளவு அரைகுறையாகக் கற்றிருக்கிறோம் என்பது ஒருவனுக்கு விளங்கும். எனக்கு அது விளங்கியது 2002ஆம் ஆண்டில், பிலிப்பைன்ஸ் நாட்டின் கேசோன் நகரில். மேய்ப்புப்பணி இறையியல் பயில என்னை ஆயர் அங்கே அனுப்பியிருந்தார். விடுதியில் எனக்கு அடுத்த அறையில் தங்கியிருந்தவர் சீனத்தின் ஹெபெய் மாநிலத்திலிருந்து வந்த ஓர் இளங்குரு. கோதுமையும் மக்காச்சோளமும் விளையும் சமவெளிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வகுப்புகள் யாவும் ஆங்கிலத்தில் நடந்தன. அவரோ அம்மொழியை ஓராண்டே படித்திருந்தார். ஆண்டிறுதிக்குள் ஆங்கிலத் தேர்வில் தேறாவிட்டால் படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இந்தியர் என்றால் ஆங்கிலத்தில் வல்லவர் என்றொரு நம்பிக்கை அங்கே நிலவியது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கும் மனமில்லை. இரவு உணவுக்குப் பின் ஒரு மணிநேரம் அவருக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒப்புக்கொண்டேன். இலக்கணப் புத்தகத்தில் பாதியைக் கடந்தோம். எந்தத் தடையும் எழவில்லை. தடை எழுந்தது புத்தகத்தில் அன்று. சாலையோரத்துச் சுவர் ஒன்றில்.

ஒரு ஞாயிறு மாலை இருவரும் ஜீப்னி வண்டியில் சென்றுகொண்டிருந்தோம். 'ஹவுஸ் அண்ட் லாட் ஃபார் சேல்' என்று ஒரு விளம்பரப் பலகை தென்பட்டது. அந்நாட்டில் இத்தகைய பலகைகள் தெருவுக்குத் தெரு உண்டு. நண்பர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின்பு மிகுந்த வியப்போடு என்னைப் பார்த்தார். "வீடும் நிறையவும் விற்பனைக்கு என்று போட்டிருக்கிறார்களே, வீட்டோடு நிறைய எதைத் தருகிறார்கள்?" என்று கேட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அமெரிக்கர் வழக்கில் 'லாட்' என்றால் மனை. வீடும் மனையும் விற்பனைக்கு என்பதே பொருள் என்று விளக்கினேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பள்ளிப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு நேரே 'ஹென் துவோ' என்று அச்சிட்டிருந்ததாம். 'மிகப் பல' என்பது அதன் பொருள். அந்த ஒரு பொருளை மட்டும் நம்பி வந்தவருக்கு, மணிலாவில் அந்தச் சொல் காணுமிடமெல்லாம் வேறு முகம் காட்டியது. வண்டி நிறுத்துமிடம் 'பார்க்கிங் லாட்'. தெருமுனையில் பரிசுச்சீட்டு விற்கும் கூண்டு 'லாட்டோ'. ஏலக்கடையில் எண்ணிட்டு வைத்த பொருட்குவியல் ஒவ்வொன்றும் ஒரு 'லாட்'. வகுப்பில் ஒரு பேராசிரியர் வறியோரின் நிலையைக் குறிப்பிடுகையில் 'தெயர் லாட்' என்றார். நண்பர் அதை 'அவர்களுடைய நிறைய' என்று எழுதிக்கொண்டு, வறியோரிடம் எது நிறைய இருக்கிறது என்று இரவு முழுவதும் குழம்பியிருக்கிறார்.

அன்றிலிருந்து பத்துப் பதினைந்து நாள்கள் அந்த ஒரு சொல்லே எங்கள் பாடமாயிற்று.

முதலில் அவருடைய பிழைகளைத் தொகுத்தேன். அவை கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல. தாய்மொழியின் ஒழுங்கிலிருந்து பிறந்தவை. 'ஹென் துவோ ரென்' என்றால் 'மிகப் பல மனிதர்'. எண்ணிக்கைக்கும் மனிதருக்கும் நடுவே சீனத்தில் இணைப்புச் சொல் எதுவும் தேவையில்லை. ஆகவே அவர் 'எ லாட் பீப்பிள்' என்று எழுதுவார். இடையில் வரவேண்டிய 'ஆஃப்' காணாமற்போய்விடும். அடுத்தது, 'யோ' என்ற சீன வினை. உடைமையையும் இருப்பையும் அந்த ஒரே சொல் குறிக்கும். கோவிலில் நிறைய மக்கள் இருக்கிறார்கள் என்பதை, 'சர்ச் ஹேவ் எ லாட் பீப்பிள்' என்று, கோவில் மக்களை உடைத்தாயிருக்கிறது என்னும் பொருள்பட அவர் சொல்வார்.

மூன்றாவது பிழை வினைமுற்றில். இலக்கணப்படி 'லாட்' ஒருமைப் பெயரே. எனினும் ஆங்கிலம் அதன் பின்னே வரும் பொருளைப் பார்த்தே வினையை முடிக்கிறது. அரிசி நிறைய என்றால் 'இஸ்'. பிள்ளைகள் நிறைய என்றால் 'ஆர்'. 'அரிசி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாக வரும். சீன மொழியிலோ ஒருமைக்கும் பன்மைக்கும் வினை உருமாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் நின்று யோசிக்க நேர்ந்தது.

இவை போதாவென்று ஒலிப்பிலும் ஓர் இடர். பெய்ஜிங் வழக்குச் சீனத்தில் எந்தச் சொல்லசையும் டகர ஒலியில் முடிவதில்லை. எனவே 'லாட்' என்பது அவர் வாயில் 'லா' என்றே ஒலித்தது. 'எ லா ஆஃப் பீப்பிள்' என்று வகுப்பில் அவர் சொன்னபோது, மக்களுக்கான ஏதோ ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றே பலரும் எண்ணினர். நம் தமிழும் வல்லின மெய்யில் சொல்லை முடிக்காது. அதனாலேயே நம் ஊரார் ஓர் உகரத்தைக் கூட்டி 'லாட்டு' என்கின்றனர். நாம் கூட்டுகிறோம், அவர்கள் விட்டுவிடுகிறார்கள். இதைச் சொன்னபோது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அவருக்காக மூன்று விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பின்னே பெயர்ச்சொல் வந்தால் 'ஆஃப்' கட்டாயம் வேண்டும். 'எ லாட்' வினையைத் தழுவி வந்தால் வேண்டாம்: 'தேங்க்ஸ் எ லாட்', 'ஐ மிஸ் ஹோம் எ லாட்'. எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் இச்சொல் பொதுவாகப் பொருந்தும். ஆகவே 'மெனி' என்பதா, 'மச்' என்பதா என்று ஐயம் தோன்றும்போது இதுவே அடைக்கலம். ஆனால் இது பேச்சுக்கு உரியது. ஆய்வுக்கட்டுரையில் அளவோடுதான் வரவேண்டும். மூன்றாம் விதியை எழுதியபோது எனக்குச் சிறிது பெருமிதமாகவே இருந்தது.

அந்தப் பெருமிதம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட துறவறச் சகோதரி ஒருவர் எங்கள் கட்டுரைகளைத் திருத்துவார். என் கட்டுரை திரும்பி வந்தது. ஐந்து இடங்களில் சிவப்பு மையால் ஒரே எழுத்து செருகப்பட்டிருந்தது: 'எ'. 'லாட் ஆஃப் பீப்பிள்' என்றே நான் எழுதியிருந்தேன். நம்மவர் பலரும் இவ்வாறுதான் பேசுகிறோம். 'நிறையப் பேர்' என்னும்போது 'ஒரு' என்பதற்கு அங்கே என்ன வேலை என்று நம் தமிழ்க் காது அதைத் தள்ளிவிடுகிறது. நண்பர் 'ஆஃப்' என்பதை விட்டார். ஆசிரியனாகிய நான் 'எ' என்பதை விட்டேன். இருவரையும் சேர்த்தால்தான் அந்தத் தொடர் முழுமையாகும்!

என் தாளைப் பார்த்துவிட்டு நண்பர் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. "ஃபாதர், 'எ' என்றால் ஒன்று. 'எ லாட்' என்றால் பல. ஒன்று எப்படிப் பலவாகும்?" மூவொரு கடவுளைப் பற்றிய பாடத்தை அந்த வாரம்தான் முடித்திருந்தோம். அதைத் துணைக்கு அழைக்காமல் நூலகத்துக்குச் சென்றேன்.

பெரிய அகராதியில் அந்தச் சொல்லின் வரலாறு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லோட்'. எதையேனும் பங்கிடும்போதோ ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதோ ஒவ்வொருவருக்கும் அடையாளமாகப் போடப்பட்ட மரத்துண்டு போன்ற பொருளுக்கு அப்பெயர். பிறகு, அந்தத் துண்டு விழுந்ததால் ஒருவனுக்குக் கிடைத்த பங்குக்கு அது பெயராயிற்று. பங்காகக் கிடைத்த நிலம் மனையாயிற்று. வாழ்வில் ஒருவனுக்கு வாய்த்த நிலையும் அவனுடைய 'லாட்' ஆயிற்று. பங்கிடவும் விற்கவும் ஒன்றாகச் சேர்த்து வைத்த குவியலுக்கும் அதுவே பெயர். குவியல் என்றால் பல அல்லவா? அவ்வழியே மிகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததுதான் 'நிறைய' என்னும் பொருள். நண்பரின் பள்ளிப் புத்தகம் கடைசிப் பிள்ளையை மட்டும் காட்டிவிட்டு, மூத்தவர்கள் அனைவரையும் மறைத்துவிட்டது.

சீட்டைக் கிரேக்கர் 'கிளேரோஸ்' என்றனர். குருகுலத்தைக் குறிக்கும் 'கிளர்ஜி' என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது. ஆண்டவரின் பங்காக இருப்பதாலோ, ஆண்டவரே தம் பங்காக இருப்பதாலோ குருக்களுக்கு அப்பெயர் வாய்த்தது என்று புனித ஜெரோம் நெப்போசியானுக்கு எழுதிய மடலில் விளக்குகிறார். குருமடத்தில் அதை நான் படித்ததுண்டு. ஆனால் 'பங்குத்தந்தை' என்று நாள்தோறும் அழைக்கப்படும் எனக்கு, அந்தப் 'பங்கு' என்ற சொல்லின் பழைய பொருள் ஒருமுறையும் உறைத்ததில்லை. நம் முன்னோர் ஞானமேய்ப்பின் எல்லைக்குப் பெயரிட்டபோது, பாகப்பிரிவினையிலும் பங்காளிகளிடையேயும் புழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அகராதியிலிருந்து நிமிர்ந்தபோது என் கண்முன் நின்றது எங்கள் ஊர்க் கடற்கரை. குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமம் அது. என் தந்தை கரமடி வலை இழுப்பவர். வலை கரையேறி, மீன் ஏலம் போன பிறகு, வலையிழுத்தவர்களின் வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் மீன் ஒதுக்கப்படும். அதை மணலில் கூறு கூறாக வைப்பார்கள். ஆளுக்கொரு கூறு. எந்தக் கூறு யாருக்கு என்பதை எவரும் தாமே தெரிந்தெடுக்க முடியாது. ஒவ்வொருவரும் ஓர் அடையாளப் பொருளைத் தருவார். ஒருவர் சிப்பி, ஒருவர் பீடித்துண்டு, ஒருவர் வலையின் கயிற்று நுனி, என் தந்தை ஒரு சிறு குச்சி. எது யாருடையது என்று அறியாத சிறுவன் ஒருவனை அழைத்து, அவற்றைக் கூறுகளின்மேல் வைக்கச் சொல்வார்கள். பல நாள்கள் அந்தச் சிறுவன் நானாகவே இருந்திருக்கிறேன். பழைய ஆங்கிலேயரின் 'ஹ்லோட்' என் பிஞ்சுக் கைகளில் இருந்திருக்கிறது. அதை நான் அறியவில்லை.

மறுநாள் நண்பருக்கு இதைச் சொன்னேன். சந்தையில் இன்றும் எங்கள் ஊரில் மீனையும் காயையும் கூறுகட்டி விற்கிறார்கள் என்றேன். ஒரு கூறு என்பது ஒன்று. ஆனால் அதனுள் இருக்கும் மீன்கள் பல. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டத்தின் மேற்கேயும், மலையாளத்திலும், 'நிறைய' என்பதற்கு 'ஒருபாடு' என்றுதான் சொல்வார்கள். 'ஒருபாடு பேர் வந்திருந்தார்கள்' என்பது என் தாயாரின் பேச்சு. சொல்லைப் பிரித்தால் 'ஒரு பாடு'. 'எ லாட்' என்பதில் உள்ள அதே 'ஒன்று' இங்கும் நிற்கிறது! பாடு என்றால் கிடைத்தது. 'இன்று மீன்பாடு எப்படி?' என்று கடற்கரையில் கேட்பார்கள். பாடு என்றால் ஒருவருக்கு வாய்த்த நிலை. 'அவரவர் பாடு அவரவருக்கு'. பாடு என்றால் துன்பமும்தான். ஆண்டவரின் பாடுகள் என்கிறோம். பழவேற்காட்டு ஏரி மீனவரிடையே, எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை விரிப்பது என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கே 'பாடு' என்று பெயர். ஆங்கிலத்தில் நான் விட்டுவிட்ட அந்த 'ஒன்று', என் தாயின் நாவில் எப்போதும் இருந்திருக்கிறது.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு மேசையைத் தட்டினார். "எங்களுக்கும் உண்டு! 'யீ தா துவெய்' என்போம். ஒரு பெரிய குவியல் என்பது அதன் பொருள். வேலை நிறைய இருந்தால், ஒரு பெரிய குவியல் வேலை இருக்கிறது என்போம்." அவர் கேட்ட கேள்விக்கு அவருடைய மொழியே விடை சொல்லிவிட்டது. ஒன்று எப்படிப் பலவாகும் என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை. தேர்வுவரை 'ஆஃப்' என்பதையும் ஒருமுறைகூட விடவில்லை.

அவரிடமிருந்து நானும் சில சொற்களைக் கற்றேன். குலுக்கி எடுக்கும் மூங்கில் சீட்டுக்குச் சீனத்தில் 'ச்சியென்' என்று பெயர். மிங் அரசர் காலத்தில், 1594ஆம் ஆண்டில், சுன் பீயாங் என்ற அமைச்சர், அதிகாரிகளை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை இந்தச் சீட்டினால் முடிவுசெய்யும் முறையைக் கொண்டுவந்தார். அரண்மனையில் செல்வாக்குள்ளோரின் சிபாரிசுத் தொல்லையிலிருந்து தப்புவதற்கு அவர் கண்ட வழி அது. திறமையைப் பாராமல் சீட்டை நம்புவதா என்று அதைக் கண்டித்த அறிஞரும் உண்டு. பங்குக்கு 'ஃபன்' என்று பெயர். அதனோடு உறவுடைய 'பென்ஃபன்' என்ற சொல்லை நண்பர் மிகவும் விரும்பினார். தனக்கு உரிய பங்கு என்று பிரித்தால் பொருள்; ஆனால் வழக்கில் அது கடமையைக் குறிக்கும். கிடைத்த பங்கும் செய்யவேண்டிய கடமையும் ஒரே சொல்லில் இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பொருள் எனக்கு உண்மையில் விளங்கியது நான்கு ஆண்டுகள் கழித்து.

2004ஆம் ஆண்டு ஏப்ரலில் நான் ஊர் திரும்பினேன். கடலோரப் பங்கு ஒன்றில் பொறுப்பேற்றேன். அவ்வாண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை நடந்ததை இதைப் படிப்போர் அறிவர். அதை மீண்டும் எழுதுவதற்கு என்னால் இயலாது.

2006ஆம் ஆண்டில் எங்கள் மக்களுக்காக 72 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. அப்போது அந்த ஆங்கிலச் சொல் என்னைத் தேடி வந்தது. "அலாட்மெண்டு எப்போ சாமி?" காலையில் கோவில் கதவைத் திறக்கும்போதும் இரவில் அடைக்கும்போதும் இதே கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். 'லாட்' என்பதன் முதற்பொருள், மணிலாவின் அகராதியை விட்டிறங்கி என் பங்கின் தெருவில் நடந்துகொண்டிருந்தது.

வீடுகள் யாவும் ஒரே அளவு. ஆனால் இடம் ஒன்றுபோல் இல்லை. சாலையோரம் அமைந்த வீடுகளை எல்லாரும் விரும்பினர். தெற்குக் கோடியில், நிலம் தாழ்ந்து மழைநீர் தேங்கும் பகுதியில் எட்டு வீடுகள் இருந்தன. அவற்றை ஒருவரும் விரும்பவில்லை. குழு அமைத்தோம், குழுவுக்குள்ளேயே சண்டை மூண்டது. குடும்பத்தில் இறந்தோரின் எண்ணிக்கைப்படி கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு ஒரு தாய் எழுந்து வெளியேறிய காட்சியை நான் மறக்கவில்லை. கடைசியில் மக்களே சொன்னார்கள்: "சீட்டுப் போடுங்க சாமி. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்." எனக்கும் அது பெரும் விடுதலையாக இருந்தது. நம் மொழியில் இதற்குத் திருவுளச்சீட்டு என்றுகூட ஒரு பெயர் உண்டு அல்லவா?

ஒரு பானையில் எண்களைப் போட்டோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எடுத்தாள். நான் வாசித்தேன். கணவரையும் பேரனையும் ஒரே நாளில் இழந்த கைம்பெண் ஒருவர் இருந்தார், அறுபதைக் கடந்தவர். அவருக்கு விழுந்த எண் 68. தெற்குக் கோடிப் பள்ளம்.

அன்று மாலை அவர் இருந்த தகரக் கொட்டகைக்குச் சென்றேன். ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். இறைவனின் திருவுளம் என்ற சொல் என் வாயில் வந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சீட்டு எடுத்தது சின்னப் பிள்ளை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பள்ளத்திலே வீட்டைக் கட்டினது யாரு சாமி? அதையும் சீட்டுப் போட்டா செஞ்சீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அறைக்கு வந்தும் உறக்கம் இல்லை. மணிலாவில் நான் அழகாக நினைவுகூர்ந்த அந்தக் கடற்கரைக் காட்சி மறுபடியும் வந்தது. ஆனால் இம்முறை, சிறுவன் அடையாளங்களை வைப்பதற்கு முன்பு நடந்ததும் கண்ணில் பட்டது. கூறு வைப்பவர் என் தந்தை. கூறுகளை வைத்ததும் அவர் எழுந்துவிடமாட்டார். சுற்றிச் சுற்றி வருவார். இந்தக் கூறிலிருந்து ஒரு சாளையை எடுத்து அந்தக் கூறில் போடுவார். அங்கே ஒரு பெரிய மீன் இருந்தால் அதன் பக்கத்திலிருந்து இரண்டு சிறியதைக் குறைப்பார். நின்றுகொண்டிருப்போர், "சரிதான், போதும்" என்று சொல்லும்வரை அவர் கை ஓயாது. எந்தக் கூறு கிடைத்தாலும் எவனும் வருந்தவேண்டியதில்லை என்னும் நிலை வந்த பிறகே, "தம்பி, வாடா" என்று என்னை அழைப்பார். சீட்டு அங்கே நீதியைச் செய்யவில்லை. நீதி அதற்கு முன்பே, என் தந்தையின் கைகளால், மணலில் செய்து முடிக்கப்பட்டிருந்தது. சிறுவனாகிய எனக்கு என் முறைதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு முந்தியதை நான் பார்த்தும் பாராதிருந்தேன்.

விவிலியத்தை எடுத்தேன். யோசுவா சீலோவில் ஏழு குலங்களுக்குச் சீட்டுப்போட்டு நிலம் பிரித்ததை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சீட்டுப் போடுவதற்குமுன், குலத்துக்கு மூவராக ஆள்களை அனுப்பி, நாடெங்கும் நடந்து பார்த்து, ஏழு பகுதிகளாக எழுதிக்கொண்டு வரச் சொன்னதும் அங்கேயே இருக்கிறது. மத்தியாவைத் திருத்தூதராகத் தேர்ந்தபோதும் சீட்டு முதலில் வரவில்லை. தொடக்கமுதல் ஆண்டவரோடு இருந்தவர் யார் என்று ஆராய்ந்து, இருவரை நிறுத்தி, மன்றாடிய பிறகே சீட்டு வந்தது. நம் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளும், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இதையே சொல்கின்றன. குடத்திலிருந்து ஓலையை ஒரு சிறுவன் எடுத்தான் என்பதைப் பள்ளியில் படித்தோம். ஆனால் குடத்தில் பெயர் இடப்படுவதற்குமுன் வயது, கல்வி, ஒழுக்கம், கணக்குக் காட்டிய நேர்மை ஆகியவற்றைச் சலித்தெடுக்க எத்தனை விதிகள்! சீட்டு எங்கும் கடைசியில்தான் வருகிறது. நான் அதை முதலிலேயே எடுத்து, என் பொறுப்பை ஒரு பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். 'பென்ஃபன்' என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அன்று இரவு தேடி எடுத்துப் பார்த்தேன். பங்கு அவருக்கு விழுந்தது. கடமை எனக்கு விழுந்திருந்தது.

மறுநாள் குழுவைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். என் பிழை என்பதையும் சொன்னேன். எவரும் மறுக்கவில்லை, அது கொஞ்சம் வலித்தது. எட்டு வீடுகளைச் சுற்றியும் மண்ணடித்து உயர்த்துவது, நீர் வடிய வாய்க்கால் வெட்டுவது, அது முடியும்வரை 72 வீடுகளில் ஒன்றிலும் யாரும் குடிபுகுவதில்லை என்று முடிவாயிற்று. சாலையோர வீடு விழுந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் வாய்க்கால் வெட்ட அவர்களும் வந்தார்கள். மூன்று மாதம் ஆயிற்று. அந்தப் பருவமழையில் தெற்குக் கோடியில் தண்ணீர் நிற்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முழங்காலளவு நிற்க வேண்டியது கணுக்காலளவு நின்றது. அந்த அம்மா தம் வீட்டு வாசலில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டார். "இது எம்பாடு. நான் பாத்துக்கிடுவேன்" என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. ஆனால் முருங்கை காய்த்ததும் முதல் காய்கள் பங்கு இல்லத்துக்கு வந்தன.

2007ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஹெபெய் மாநிலத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. நண்பர் படிப்பை முடித்து ஊர் திரும்பி, கிராமம் கிராமமாகச் சென்று பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டே வரிகள். இவ்வாண்டு கோதுமை நிறைய விளைந்திருக்கிறது என்பது ஒன்று. மறைக்கல்விக்கு நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பது மற்றொன்று. கோதுமைக்கு 'இஸ்' போட்டிருந்தார். பிள்ளைகளுக்கு 'ஆர்' போட்டிருந்தார். இரண்டு வரியிலும் 'ஆஃப்' என்ற சொல்லின் கீழே அழுத்தமாகக் கோடிட்டிருந்தார்.

நானும் பதில் அட்டை எழுதினேன். எங்கள் கடற்கரையில் நிறைய வீடுகள் எழும்பிவிட்டன என்று எழுதினேன். எழுதிவிட்டு, 'எ' என்ற அந்த ஒற்றை எழுத்தின் கீழே கோடிட்டேன்.